குருதி உரைக்கும் கணக்கு: தைராய்டு மிகைச் சுரப்பும் ஆய்வுக்கூட அளவைகளும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் மருத்துவ ஆய்வுக்கூடம் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். அறிவியலைத் தமிழில் எடுத்துரைக்காத வரையில் அது கற்றார் சிலரின் உடைமையாகவே நின்றுவிடும் என்பதே நமது விடை. மேலும், ‘தைராய்டு’ என்னும் சொல் புகாத இல்லம் இன்று அரிது. அச்சொல்லோடு எண்கள் நிரம்பிய ஒரு தாளும் வீட்டுக்குள் வருகிறது. அத்தாளைச் சரிவரப் படிக்க அறியாமையால் மருந்தைப் பாதியில் நிறுத்துவோரும், நிறுத்தத் தேவையில்லாதபோது அஞ்சி நடுங்குவோரும் நம்மிடையே உள்ளனர். எனவே, தைராய்டுச் சுரப்பி அளவு மீறிச் சுரக்கும் நோயில் ஆய்வுக்கூடம் எவற்றை அளக்கிறது, ஏன் அளக்கிறது, அவ்வெண்களை எவ்வாறு பொருள் கொள்வது என்பவற்றை ஈண்டு நாம் காண்போம்.

கேடயம் போன்றதொரு சுரப்பி

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைராய்டுச் சுரப்பி. வளர்ந்த மனிதரிடத்து அதன் எடை ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் வரையே. 1656ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வார்ட்டன் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதன் வேர். நம் முன்னோர் கிடுகு என்றும், தோல் என்றும், பரிசை என்றும் வழங்கிய அதே கேடயந்தான். ஆதலின் இதனைக் ‘கேடயச் சுரப்பி’ எனத் தமிழில் வழங்குவாரும் உளர்.

உணவிலும் நீரிலும் இருந்து நாம் பெறும் அயோடினைக் கொண்டு இச்சுரப்பி இரண்டு ஹார்மோன்களை ஆக்குகிறது. நான்கு அயோடின் அணுக்களை உடையது தைராக்சின். அதனைச் சுருக்கமாக டி4 என்பர். மூன்று அணுக்களை உடையது டி3. சுரப்பியினின்று பெரும்பாலும் வெளிப்படுவது டி4 ஆகும். உடலின் பிற உறுப்புகளில் அதனின்று ஓர் அயோடின் அணு நீங்க, அது டி3 ஆக மாறுகிறது. உயிரணுக்களில் வீரியத்துடன் செயற்படுவது இந்த டி3 தான். உடலில் உண்டாகும் டி3இல் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இவ்வாறு சுரப்பிக்கு வெளியே பிறப்பதேயாகும்.

இதயம் துடிக்கும் விரைவு, உடலின் வெப்பம், உணவு எரிந்து ஆற்றலாகும் வேகம், குடலின் இயக்கம், மனத்தின் அமைதி ஆகிய அனைத்தும் இவ்விரு ஹார்மோன்களின் அளவைப் பொறுத்தவை. எல்லாம் வல்ல இறைவன் மனித உடலில் அமைத்துள்ள துலாக்கோல்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

துலாக்கோல் சாயும்போது

இச்சுரப்பு மிகுமானால் உடல் என்னும் அடுப்பு ஓயாது எரிகிறது. நன்கு உண்டும் உடல் மெலிகிறது, நெஞ்சு படபடக்கிறது, நீட்டிய விரல்கள் நடுங்குகின்றன, வியர்வை பெருகுகிறது, வெம்மையைத் தாங்க இயலுவதில்லை, உறக்கம் குறைகிறது, சிறு செய்திக்கும் சினமும் கண்ணீரும் வருகின்றன. பெண்டிர்க்கு மாதவிடாய் குறையலாம். சிலருக்குக் கழுத்து பருத்து, விழிகள் முன் தள்ளி நிற்கும். முதியோரிடத்து இவ்வடையாளங்கள் பல தோன்றாமல், சோர்வும் மெலிவும் ஒழுங்கற்ற இதயத் துடிப்புமே காணப்படலாம். முதுமையின் தளர்ச்சி என்று அதனை ஒதுக்கிவிடுவதே வழக்கமாக இருக்கிறது.

கி.பி. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மொழியில் பெரியதொரு மருத்துவக் களஞ்சியத்தை இயற்றிய சையித் இஸ்மாயீல் அல் ஜுர்ஜானி, கழுத்துக் கழலையும் விழிப் பிதுக்கமும் ஒருங்கே தோன்றுவதைக் குறித்துச் சென்றார் என மருத்துவ வரலாற்றாசிரியர் எடுத்துரைப்பர். பின்னர் 1835இல் அயர்லாந்தின் டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸும், 1840இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வான் பேஸ்டோவும் இந்நோயை விளக்கினர். மிகைச் சுரப்புக்கு மிகப் பரவலான காரணமாகிய நோய் இன்று ‘கிரேவ்ஸ் நோய்’ என்றே வழங்கப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களையே இது பன்மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது.

நம் சமுதாயத்தில் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல்லூரியில் பயிலும் மகள் மெலிந்து, கை நடுங்கி, படிப்பில் மனம் ஊன்றாமல் தவிக்கும்போது, கண்ணேறு என்றும், தேர்வு அச்சம் என்றும், பிடிவாதம் என்றும் நாம் சொல்லிவிடுகிறோம். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நம் நம்பிக்கையைச் சார்ந்தவை. அவற்றை எவரும் தடுப்பதற்கில்லை. ஆனால் மருந்து தேடுவதும் நபிவழியே என்பதை மறந்துவிடலாகாது.

அளக்கக் கற்ற வரலாறு

தொடக்கத்தில் இச்சுரப்பு நீரை நேரடியாக அளக்க வழியில்லை. 1895இல் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மாக்னஸ் லெவி, ஓய்வாகப் படுத்திருக்கும் நோயாளர் மூச்சின்வழி உட்கொள்ளும் ஆக்சிஜனை அளந்தார். மிகைச் சுரப்பு உடையோரின் உடல் ஓய்விலும் பிறரைவிட மிகுதியாக எரிகிறது என்பது புலனாயிற்று. அடுப்பின் உள்ளே நோக்க இயலாதபோது புகையைக் கொண்டு தீயை மதிப்பிடுவது போன்றதே இம்முறை. அச்சம், காய்ச்சல், உறக்கமின்மை ஆகியவை கூட அவ்வளவை மாற்றிவிடும்.

1914ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் எட்வர்டு கெண்டால் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1952இல் லண்டனில் ஜாக் கிராஸும் ரோசலின்ட் பிட் ரிவர்ஸும் டி3ஐக் கண்டறிந்தனர். எனினும், குருதியில் இம்மி அளவே உள்ள ஹார்மோனை அளக்கும் கருவி இன்னும் கிட்டவில்லை.

அத்தடையைத் தகர்த்தவர்கள் நியூயார்க் நகரின் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ஆவர். எதிர்ப்பொருளையும் கதிரியக்கப் பொருளையும் இணைத்து அவர்கள் 1950களின் இறுதியில் உருவாக்கிய அளவை முறை, ஹார்மோன் அறிவியலின் போக்கையே மாற்றிற்று. பெர்சன் 1972இல் மறைந்தார். 1977இல் யாலோ நோபல் பரிசு பெற்றார். மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற பெண்களுள் அவர் இரண்டாமவர். நம் மாணவியர் நினைவில் இருத்தத்தக்க செய்தி இது.

நீர்மடைக் காவலர்

தைராய்டு தன் விருப்பப்படி சுரப்பதன்று. மூளையின் அடியில் அமைந்த பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி அதற்கு ஆணையிடுகிறது. அவ்வாணையே டி.எஸ்.எச். என்னும் தூண்டு ஹார்மோன். நம் சிற்றூர்களில் ஏரி மடையைக் காத்து நிற்கும் நீர்க்கட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். வயல் காய்ந்தால் அவர் மடையைத் திறப்பார். நீர் நிரம்பினால் அடைப்பார். குருதியில் டி4, டி3 குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.ஐ மிகுதியாக அனுப்பும். அவை கூடினால் டி.எஸ்.எச்.ஐ அடக்கிக்கொள்ளும்.

இதனின்று பிறக்கும் முடிவு முதலில் வியப்பளிக்கும். தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோயில் டி.எஸ்.எச். எண் குறைந்திருக்கும், சுரப்புக் குறைந்த நோயில் அது கூடியிருக்கும். ‘எண் குறைவு, ஆகவே சுரப்பும் குறைவு’ என்று தாளைப் படித்து முடிவு கட்டுவோர் நேர்மாறான பொருளைக் கொண்டுவிடுகின்றனர். மடைக் காவலர் வாய் மூடி நிற்கிறார் என்றால், வயலில் வெள்ளம் புகுந்துவிட்டது என்பதே பொருள்.

டி.எஸ்.எச். நுட்பமான அளவுகோல் ஆகும். டி4 இரு மடங்கு கூடுமாயின், டி.எஸ்.எச். ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எனவே டி4 இயல்பின் எல்லைக்குள் இருக்கும்போதே டி.எஸ்.எச். குறைந்து எச்சரிக்கை தரும். வளர்ந்தோரிடத்து இதன் இயல்பான அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4.0 மில்லி அலகு வரை. பழைய சோதனை முறைகளால் 1 மில்லி அலகுக்குக் கீழே நுணுகி அளக்க இயலவில்லை. ஆகவே இயல்பான குறைவையும் நோயின் குறைவையும் பிரித்தறிய அவை உதவவில்லை. 0.1 அலகு வரை அளக்கும் இரண்டாம் தலைமுறைச் சோதனையும், 0.01 வரை அளக்கும் மூன்றாம் தலைமுறைச் சோதனையும் வந்த பின்னரே டி.எஸ்.எச். மிகைச் சுரப்பைக் கண்டறியும் முதற் சோதனையாக உயர்ந்தது.

கட்டுண்டதும் கட்டற்றதும்

அறிக்கைத் தாளில் ‘மொத்த டி4’, ‘ஃப்ரீ டி4’ என இரு வகை அளவுகள் காணப்படும். பின்னதைக் கட்டற்ற டி4 எனலாம். குருதியில் உள்ள டி4 மூலக்கூறுகள் பத்தாயிரத்தில் ஏறத்தாழ மூன்றே கட்டற்றவை. எஞ்சியவை புரதங்களோடு பிணைந்து கிடக்கின்றன. டி3ஐப் பொறுத்தவரை ஆயிரத்தில் மூன்று கட்டற்றவை. பெட்டகத்தில் பூட்டிய செல்வம் எவ்வளவு இருப்பினும் கடைத்தெருவில் செலவாவது கையிலுள்ள காசே. அதுபோல, உயிரணுக்களுள் புகுந்து வினைபுரிவது கட்டற்ற பகுதி மட்டுமே.

கருவுற்ற காலத்திலும், ஈஸ்ட்ரோஜன் அடங்கிய மாத்திரைகளை உட்கொள்ளும்போதும் பிணைக்கும் புரதம் பெருகுகிறது. அப்போது நோய் ஏதுமின்றியே மொத்த டி4 கூடித் தோன்றும். பெட்டகம் பெரிதாயிற்று, கைக்காசு மாறவில்லை. எனவேதான் மருத்துவர் கட்டற்ற அளவைக் கேட்கின்றனர். கட்டற்ற டி4 டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 0.8 முதல் 1.8 நானோகிராம் வரையிலும், மொத்த டி3 ஏறத்தாழ 80 முதல் 200 நானோகிராம் வரையிலும் இயல்பு எனக் கொள்வர். சில ஆய்வுக்கூடங்கள் பிகோமோல் என்னும் வேறோர் அலகில் எண்ணைத் தருவதுண்டு. 1.3 நானோகிராம் என்பது அவ்வலகில் லிட்டருக்கு ஏறத்தாழ 17 பிகோமோல் ஆகும். அலகை நோக்காமல் 1.3ஐயும் 17ஐயும் ஒப்பிட்டுப் பதறுதல் கூடாது. அந்தந்த ஆய்வுக்கூடம் அச்சிட்டுள்ள இயல்பெல்லையைக் கொண்டே எண்ணை மதிப்பிடுதல் முறை.

மிகைச் சுரப்பில் டி.எஸ்.எச். அடங்கி, கட்டற்ற டி4, டி3 ஆகிய இரண்டும் உயர்ந்திருத்தலே பெரும்பான்மை. சிலரிடத்து டி4 இயல்பாக இருக்க, டி3 மட்டும் உயர்ந்திருக்கும். டி3ஐ அளவாது விட்டால் இவர்களின் நோய் மறைந்துவிடும். டி4, டி3 இரண்டும் இயல்பாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் குறைந்திருப்பின் அது மறைநிலை மிகைச் சுரப்பு எனப்படும். முதியோரிடத்து இது நீடித்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடவும் எலும்பு தேயவும் ஏதுவாகும்.

காரணம் தேடும் சோதனைகள்

மிகை என்று தெரிந்தபின் ‘ஏன் மிகை’ என்பது அடுத்த வினா. கிரேவ்ஸ் நோயில், உடலின் காவற்படையே வழிதவறி, டி.எஸ்.எச். போல் நடிக்கும் எதிர்ப்பொருளை ஆக்குகிறது. காவலர் அடைத்த மடையைக் கள்ளச்சாவி கொண்டு ஒருவன் திறந்துவிடுவதற்கு இது ஒப்பாகும். இக்கள்ளச்சாவியைக் குருதியில் கண்டறியும் சோதனையே டி.எஸ்.எச். ஏற்பி எதிர்ப்பொருள் சோதனை. கழுத்தில் தோன்றும் தனிக்கட்டியோ பல கட்டிகளோ ஆணைக்குக் கட்டுப்படாமல் தாமே சுரப்பதும் உண்டு.

மூன்றாவதொரு வகை சுரப்பியின் அழற்சி. நச்சுயிரித் தொற்றுக்குப் பின்னரோ, மகப்பேற்றுக்குப் பின்னரோ சுரப்பி புண்பட்டு, முன்னரே சேமித்து வைத்த ஹார்மோன் கசிந்துவிடும். குருதி எண்கள் கிரேவ்ஸ் நோயினவற்றை ஒத்திருப்பினும், இங்குப் புதிதாகச் சுரப்பு ஏதும் நிகழவில்லை. கதிரியக்க அயோடினைச் சிறிதளவு கொடுத்து 24 மணி நேரத்தில் சுரப்பி எவ்வளவை ஈர்க்கிறது எனக் கணித்தால் வேறுபாடு விளங்கும். கிரேவ்ஸ் நோயில் ஈர்ப்பு மிகும். அழற்சியில் மிகக் குறையும். சுரப்பைத் தடுக்கும் மாத்திரை அழற்சிக்குப் பயன்படாது. அது பெரும்பாலும் தானே தணியும். காரணம் அறியாமல் மருந்து தொடங்குதல் எத்துணைப் பிழை என்பது இதனால் தெளிவாகும். கருவுற்றோர்க்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் இக்கதிரியக்கச் சோதனை செய்யப்படுவதில்லை.

மருந்துண்ணும் காலத்தில் எண்கள்

பெரிதும் தடுமாற்றம் விளைவது இக்கட்டத்திலேதான். எடுத்துக்காட்டாக ஒரு நோயாளரின் எண்களைக் கற்பனை செய்து கொள்வோம். முதற் சோதனையில் கட்டற்ற டி4 4.2, டி3 380, டி.எஸ்.எச். 0.01க்கும் கீழ். கார்பிமசோல் மாத்திரை தொடங்கி ஆறு வாரங்கள் கழித்து டி4 1.3, டி3 150 என இயல்புக்கு வந்துவிட்டன. ஆனால் டி.எஸ்.எச். இன்னும் 0.01க்குக் கீழேயே நிற்கிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று வீட்டார் கலங்குகின்றனர். மருந்தளவைத் தாமே கூட்டுவாரும், வேறு மருத்துவரை நாடுவாரும், மருந்தையே கைவிடுவாரும் உண்டு.

உண்மையில் மருந்து நன்கு வேலை செய்திருக்கிறது. நெடுநாள் வெள்ளத்தில் வாளாவிருந்த மடைக் காவலர், வெள்ளம் வடிந்தபின்னும் உடனே விழித்துக் கொள்வதில்லை. பிட்யூட்டரி மீண்டும் ஆணையிடத் தொடங்கச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்களும் ஆகலாம். எனவே மருத்துவத்தின் தொடக்க மாதங்களில் வழிகாட்டும் எண்கள் கட்டற்ற டி4உம் டி3உமே. டி4 இயல்பின் கீழெல்லையையும் தாண்டி இறங்கிவிட்டால், டி.எஸ்.எச். குறைந்தே காணப்பட்டாலும் மருந்து மிஞ்சிவிட்டது என்றே பொருள். டி4 இயல்புக்கு வந்தும் டி3 உயர்ந்தே இருந்தால் நோய் இன்னும் அடங்கவில்லை.

டி4இன் அளவு குருதியில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாள்கள் ஆகும். ஆகவே வாரந்தோறும் சோதிப்பதால் வீண் செலவே மிஞ்சும். தொடக்கத்தில் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறையும், நிலைபெற்றபின் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் சோதிப்பது வழக்கம்.

கிரேவ்ஸ் நோய்க்கு மருந்து பெரும்பாலும் 12 முதல் 18 மாதங்கள் வரை தொடரும். நிறுத்துமுன் எதிர்ப்பொருளை மீண்டும் அளப்பர். அது உயர்ந்தே இருப்பின் நோய் திரும்ப வருதல் எளிது. படபடப்பு நின்றது, எடை கூடிற்று என்பதால் மருந்தைத் தாமே நிறுத்துதல் ஆபத்தானது. திடீரென நிறுத்தியபின் கடுந்தொற்றோ அறுவையோ நேரின், ‘தைராய்டுப் புயல்’ என்னும் உயிர்போக்கும் நிலை உண்டாகக்கூடும். மற்றொன்றையும் இங்குச் சொல்லியாக வேண்டும். இம்மாத்திரை அரிதாக வெள்ளணுக்களை மிகவும் குறைத்துவிடும். மருந்துண்ணும் நாளில் காய்ச்சலுடன் தொண்டை வலி தோன்றின், மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரை அணுகி வெள்ளணுக்களை எண்ணச் செய்தல் வேண்டும்.

ஏமாற்றும் எண்கள்

ஆய்வுக்கூடமும் சில வேளை ஏமாற்றப்படும். முடி உதிர்வதற்கென உண்ணும் பயோட்டின் என்னும் வைட்டமின், பல சோதனைக் கருவிகளின் வேதிவினையில் குறுக்கிடுகிறது. டி.எஸ்.எச்.ஐப் பொய்யாகக் குறைத்தும், டி4, டி3 ஆகியவற்றைப் பொய்யாகக் கூட்டியும் காட்டி, நலமுள்ளவரைக் கிரேவ்ஸ் நோயாளர் போல் ஆக்கிவிடும். சோதனைக்கு இரண்டு நாள்களேனும் முன்னர் அதனை நிறுத்துதல் நன்று. உண்ணும் மாத்திரை அனைத்தையும் மறையாது மருத்துவரிடம் கூறுதல் அதனினும் நன்று.

கருவுற்ற முதல் மூன்று மாதங்களில், கருவின் ஹார்மோன் தைராய்டைச் சிறிது தூண்டுவதால் டி.எஸ்.எச். இயல்பாகவே குறையும். அதனை நோய் என்று கொள்ளலாகாது. மறுபுறம், உண்மையான கிரேவ்ஸ் நோய் உடைய பெண் கருவுற்றால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கார்பிமசோல் தொடக்க மாதங்களில் கருவுக்கு ஊறு செய்யக்கூடுமாதலால் மருந்தை மாற்ற நேரிடலாம். எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையையும் தாக்கக்கூடும். மணம் பேசும்போது இந்நோயை மறைத்து, மணமானபின் மறைவாக மருந்தை விட்டுவிடும் கொடுமை தாயையும் சேயையும் ஒருங்கே இடர்ப்படுத்தும். தைராய்டு நோய் இழிவன்று, மறைப்பதே கேடு.

நோன்பும் சோதனையும்

தைராய்டுச் சோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமன்று. டி.எஸ்.எச். இரவிலும் விடியலிலும் சற்று உயர்ந்து பகலில் தாழுமாதலால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே வேளையில் குருதி கொடுப்பது ஒப்பிட உதவும். சோதனைக்காகச் சிறிது இரத்தம் எடுப்பது நோன்பை முறிக்காது என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளின் நிலை. கார்பிமசோலைப் பலர் நாளுக்கு ஒரு வேளையே உண்கின்றனர். அவர்கள் ஸஹர் வேளையில் உட்கொள்ள இயலும். நோய் முற்றி நிற்கும் நாளில் நோன்பைப் பின்னொரு நாளுக்குத் தள்ளி வைக்க மார்க்கம் இடம் தருகிறது. அச்சலுகை இறைவன் அளித்தது. மருத்துவரையும் ஆலிமையும் ஒருங்கே கலந்து முடிவு செய்தல் முறையாகும்.

நிறைவாக

ஆய்வுக்கூடத் தாள் நோயாளரைப் பற்றிய ஒரு சாட்சியம் மட்டுமே, தீர்ப்பன்று. ஒரு சாட்சியை மட்டும் கேட்டு நீதிபதி தீர்ப்பு எழுதுவதில்லை. டி.எஸ்.எச்., டி4, டி3, எதிர்ப்பொருள் ஆகிய சாட்சிகளையும், நாடித் துடிப்பு, உடல் எடை, நோயாளரின் வாய்மொழி ஆகியவற்றையும் ஒருங்கே கேட்டே மருத்துவர் முடிவு செய்கிறார். அத்தாளை நாமும் அறிந்து படித்தல் மருத்துவருக்கு மாற்றாகும் பொருட்டன்று. அவர் சொல்வதைப் புரிந்து கடைப்பிடிக்கும் பொருட்டேயாகும்.

மாணவ மாணவியர் இச்செய்தியைத் தத்தம் இல்லத்தாரிடம் எடுத்துச் சொல்ல வேண்டுகிறோம். பழைய அறிக்கைத் தாள்களை நாள்வாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வைத்து, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டச் செய்யுங்கள். அன்னையரும் பாட்டிமாரும் உண்ணும் மாத்திரை எதற்கென்று கேட்டறியுங்கள். அறிவைத் தேடுவதும், தேடியதைப் பிறர்க்கு உரைப்பதும் இறைவனுக்கு உவப்பான செயல்களே. அனைவருக்கும் நோயற்ற வாழ்வை அவன் அருள்வானாக!